திருக்கோகர்ணத்து வெள்ளிக்கிழமை

வீட்டில் ஒரு பொருள் கைமறதியாக எங்கோ வைக்கப்பட்டுக் காணாமற்போனால், நம் இல்லங்களில் பெரியவர்கள் முதலில் நினைப்பது அரைக்காசு அம்மனை. "கிடைத்தால் உனக்கு வெல்லம் வைக்கிறேன், தாயே" என்று வேண்டிக்கொண்டு தேடுவதும், கிடைத்தவுடன் ஒரு வெல்லக்கட்டியை நிவேதனம் செய்து வீட்டில் உள்ள அனைவருக்கும் கிள்ளிக் கொடுப்பதும் வழிவழியாக வரும் வழக்கம். சென்னையை அடுத்த ரத்தினமங்கலத்தில் இந்த அம்மனுக்குத் தனிக்கோயிலே உள்ளது. எனினும் அம்பிகையின் மூலத்தலம் புதுக்கோட்டையை ஒட்டியுள்ள திருக்கோகர்ணம். அங்கே அவள் திருநாமம் பிரகதாம்பாள். அந்த ஊருக்கு நான் முதன்முதலில் போனபோது கையில் வெல்லம் இல்லை. ஒரு தோல்பையும், அதற்குள் அரக்குக் குச்சிகளும், என் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த பித்தளை முத்திரை ஒன்றும் இருந்தன.

அப்போது நான் சென்னையில் ஒரு வங்கியின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றிவந்தேன். 1983-ஆம் ஆண்டு புரட்டாசி மாதத் தொடக்கம். புதுக்கோட்டைக் கிளையின் கணக்குகளைச் சோதித்து அறிக்கை தருமாறு இரண்டு வாரப் பணியாக என்னை அனுப்பினார்கள். எனக்கு முப்பத்தைந்து வயது. ஆய்வு அதிகாரி வருகிறார் என்றால் கிளையில் பழைய தண்ணீர்ப் பானை போய்ப் புதுப்பானை வரும்; சுவர்க் கடிகாரம் சரியான நேரம் காட்டும்; சிரிப்புச் சத்தம் மட்டும் நின்றுபோகும். அதை ஒரு பெருமையாகவே நான் எண்ணியிருந்த காலம் அது. வெளியூர்க் கிளைகளில் ஒரு காப்பி கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்று என் மேலதிகாரி ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். காப்பியில் தொடங்கும் தாட்சண்யம் கணக்கில் போய் முடியும் என்பது அவர் கட்சி.

எழும்பூரில் இரவு வண்டி ஏறி, பொழுது புலரும் வேளையில் புதுக்கோட்டையில் இறங்கினேன். தங்கவேண்டிய விடுதி கீழ ராஜ வீதிக்கு அருகே இருந்தது. எதிரே வந்த முதியவர் ஒருவரிடம் வழி கேட்டேன். "எங்க ஊர்ல வழி தவறவே முடியாதுங்க. சேஷையா சாஸ்திரியார் நூல் பிடிச்சுப் போட்ட தெருவுங்க இதெல்லாம்" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு, வழி தவறவே முடியாத அந்த ஊரில் விடுதி வாசல்வரை என்னோடு நடந்து வந்தார். அவர் போகவேண்டிய திசை அதற்கு நேர் எதிர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் சொன்னது உண்மை. 1878-இல் சமஸ்தான நிர்வாகத்தை ஏற்ற சர் ஏ. சேஷையா சாஸ்திரியார் நகரத்தைத் திருத்தியமைத்தார். நேர்கோடாக ஓடும் அகன்ற வீதிகள், ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் சந்திப்புகள், பராமரிக்கப்பட்ட குளங்கள் என்று அவர் கைவண்ணம் ஊரெங்கும் தெரியும். தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த அந்தச் சமஸ்தானம் 1948-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. மன்னரின் புது அரண்மனையில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது. நான் போனபோது ஊரில் ஐம்பது வயதைக் கடந்த எவரிடம் பேசினாலும் நான்காவது வாக்கியத்தில் "மகாராஜா காலத்துல" என்று வந்துவிடும். அதில் ஏக்கத்தைவிட ஒருவகை வீட்டுரிமையே மிகுதியாக இருந்தது. தாத்தா கட்டிய வீட்டைப் பற்றிப் பேரன் பேசுவதுபோல் பேசுவார்கள்.

உணவு விடுதியில் மூன்றாம் நாளே எனக்குக் காரம் ஆகாது என்பது தெரிந்து தனியாகக் குழம்பு எடுத்து வைத்தார்கள். தேநீர்க் கடைக்காரர் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துவிட்டு, மறுநாள் என் மகளின் காய்ச்சல் தணிந்ததா என்று கேட்டார். முதல்நாள் தொலைபேசி நிலையத்தில் நான் உரக்கப் பேசியதை அவர் காதில் யாரோ போட்டிருக்க வேண்டும். சென்னைவாசியான எனக்கு இதெல்லாம் முதலில் சங்கடமாக இருந்தது. காரணமில்லாத அன்பு எதற்கோ முன்பணம் என்று நினைக்கப் பழகிய உத்தியோகம் என்னுடையது.

கிளையின் காசாளர்தான் இந்தக் கதைக்குரியவர். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. நெற்றியில் விபூதி, வெள்ளைச் சட்டை, குறைந்த பேச்சு. அவருடைய பாட்டனார் சமஸ்தானத்து அரண்மனையில் எழுத்தராக இருந்தவராம். "அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம் என்பார்கள். எங்க தாத்தாவுக்கு நெஜமாவே அரைக்காசு உத்தியோகம்தான் சார்" என்று அவர் சொன்ன ஒரே வேடிக்கை எனக்கு நினைவிருக்கிறது. முதல் வாரம் முழுவதும் அவர் வீட்டிலிருந்து வந்த காப்பியை நான் மறுத்தேன். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மறுநாளும் காப்பி வந்தது. நானும் மறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் சும்மா இருந்த என்னை அவர் குடுமியான்மலைக்கு அழைத்துப்போனார். குன்றின் அடிவாரத்தில் சிகாநாத சுவாமி கோயில். மண்டபத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள். மேலே குடைவரைக் கோயிலுக்கு அருகில், பாறையில் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்ட சங்கீதக் கல்வெட்டு. சுரங்களை வரிசை வரிசையாகக் கல்லில் எழுதிவைத்த ஊர் உலகில் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரிந்த சங்கீத வித்துவான்களையெல்லாம் பிறகு கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று என் மனத்தில் தைத்தது தலபுராணம்தான். சுவாமிக்குச் சாத்திய மலரை அர்ச்சகர் அன்புக்குரிய ஒருத்திக்குச் சூட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து அரசன் வந்துவிடவே, அதே மலரை எடுத்துப் பிரசாதமாகக் கொடுத்தார். அதில் ஒரு தலைமயிர் இருந்தது. அரசன் கேட்டபோது, "சுவாமிக்குக் குடுமி உண்டு" என்று பயத்தில் சொல்லிவிட்டார். "காட்டு" என்றான் அரசன். அடியவனைக் காப்பதற்காக இறைவன் லிங்கத்திருமேனியில் குடுமியோடு காட்சி கொடுத்தார். இன்றும் லிங்கத்தின் உச்சியில் அந்த முடிச்சு இருக்கிறது.

"சார், நீங்க அந்த ராஜாவோட கட்சியா, அர்ச்சகரோட கட்சியா?" என்றார் காசாளர்.

"நான் தணிக்கைக்காரன். பூ எங்கே போயிற்று என்று கேட்டிருப்பேன்" என்றேன். அவர் சிரித்தார். பேருந்தில் திரும்பும்போது, "வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோகர்ணம் போவோம். அம்பாளைப் பார்க்காம நீங்க ஊருக்குப் போகக் கூடாது" என்றார். ஒப்புக்கொண்டேன். அன்று மாலை அவர் வீட்டில் முதன்முறையாகக் காப்பியும் குடித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை நகைக்கடன் சோதனை. வங்கிப் பழக்கம் இல்லாதவர்களுக்காக இதைச் சற்று விளக்கவேண்டும். அடகு வைத்த ஒவ்வொரு நகையும் கடன் எண் எழுதிய சீட்டுடன் தனித்தனித் துணிப்பையில் கட்டப்பட்டு இரும்புப் பெட்டகத்தில் இருக்கும். பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று மேலாளரிடம், மற்றொன்று காசாளரிடம். நான் ஒவ்வொரு பையாக அவிழ்த்து, எடை போட்டு, பேரேட்டில் சரிபார்த்துக் குறியிட்டு, நகையை மீண்டும் கட்டி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி என் முத்திரையைப் பதிப்பேன். முத்திரை வைத்த பையை நானில்லாமல் எவரும் தொடக் கூடாது. அது எனக்கு நானே விதித்த கண்டிப்பு. போன இடமெல்லாம் அதைச் சட்டம்போல் அறிவித்திருந்தேன்.

நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பைகள். நண்பகலில் மின்சாரம் நின்றது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேலை தொடர்ந்தது. அந்த நேரத்தில் காசாளர் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துச் சாப்பாடு வந்திருப்பதாகச் சொன்னார்கள். கையிலிருந்த பைகளைக் கட்டி அரக்கிட்டு எழுந்தேன். சாப்பிட்டுவிட்டு மாலைக்குள் முடித்தேன். பேரேட்டில் எல்லா எண்ணுக்கும் நேரே என் குறி இருந்தது. ஒன்றும் குறையவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒரு மூதாட்டி வந்தார். அன்னவாசல் பக்கத்துக் கிராமம். மூன்று பவுன் சங்கிலி ஒன்றை அடகு வைத்திருந்தார். பேத்திக்கு ஐப்பசியில் திருமணம்; சங்கிலியை அழித்து வேறு நகை செய்யவேண்டும் என்று, முந்தானை முடிச்சில் பணத்துடன் வந்திருந்தார். பெட்டகத்தில் அந்தப் பை இல்லை.

மீண்டும் தேடினார்கள். ஒவ்வொரு தட்டையும் வெளியே எடுத்துப் பார்த்தார்கள். மூதாட்டியிடம் விஷயத்தைச் சொல்ல மேலாளருக்குத் துணிவில்லை. "மெட்ராஸ்ல இருந்து அதிகாரி வந்திருக்காரு பாட்டி, கணக்குப் பார்க்கறாங்க. சனிக்கிழமை வாங்க" என்றார். "அதுக்கென்ன ஐயா, பேங்குல இருந்தா என் பெட்டியில இருக்கற மாதிரிதானே" என்று சொல்லி, என்னையும் ஒருமுறை கும்பிட்டுவிட்டு அவர் போனார். அந்தக் கும்பிடு என்னை மிகவும் கோபப்படுத்தியது. எவர்மீது என்றுதான் தெரியவில்லை.

கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. திங்களன்று பை இருந்தது. என் குறியே சாட்சி. வியாழனன்று இல்லை. இடையில் பெட்டகத்தைத் திறந்தவர்கள் சாவிக்காரர்கள் மட்டுமே. செவ்வாயும் புதனும் மேலாளர் விடுப்பில் இருந்தார். அவருடைய சாவி வைத்திருந்தவர் வேலைக்குப் புதியவர், காசாளர் சொன்னபோதெல்லாம் திறந்துகொடுத்தவர். காசாளருக்கோ தை மாதத்தில் மகள் திருமணம். பணியாளர் கடனுக்கு அவர் கொடுத்திருந்த விண்ணப்பம் என் மேசையிலேயே இருந்தது. வியாழன் இரவு விடுதியில் உட்கார்ந்து அறிக்கையின் வரைவை எழுதினேன். அவர் பெயரை நேரடியாகக் குற்றம் சாட்டாமல், படிப்பவர் எவரும் வேறு முடிவுக்கு வரமுடியாதபடி வாக்கியங்களை அமைத்தேன். அந்தக் கலை எனக்குக் கைவந்திருந்தது.

வெள்ளி நண்பகல் அவரை அழைத்து எழுத்துமூலம் விளக்கம் கேட்டேன். அவர் வாதாடவில்லை. மூன்றே வரிகள் எழுதினார்: பை என் பொறுப்பில் இருந்தது, இப்போது இல்லை, எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. கையெழுத்து நடுங்காமல் இருந்தது. குற்றவாளிக்கும் சில சமயம் அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தாளைத் தோல்பையில் வைத்தேன்.

மாலை ஐந்தரை மணிக்கு விடுதி அறைக் கதவைத் தட்டும் ஒலி. திறந்தால் காசாளர் நிற்கிறார். குளித்து, புது விபூதி இட்டு, கையில் பூச்சரமும் தேங்காய்ப் பையுமாக.

"கிளம்பலாமா சார்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. "இன்றைக்கா?" என்றேன்.

"வெள்ளிக்கிழமைன்னு போன வாரமே சொன்னோமில்ல. ஆபீஸ் விஷயம் ஆபீஸ்ல."

மறுக்க ஒரு காரணம் தேடினேன், அகப்படவில்லை. திருச்சி சாலையில் நடந்தே போனோம். வழியெல்லாம், ஒன்றுமே நடவாததுபோல், அவர் எனக்கு ஊரைக் காட்டிக்கொண்டு வந்தார். திருவரங்குளம் காட்டுப் பக்கத்தில் 1738-ஆம் ஆண்டில் சதாசிவ பிரம்மேந்திராளைத் தொண்டைமான் மன்னர் விஜய ரகுநாதராயர் தரிசித்த வரலாற்றைச் சொன்னார். பிரம்மேந்திராள் மௌன விரதம் பூண்டவர். மன்னர் உபதேசம் வேண்டி நின்றபோது விரலால் மணலில் எழுதிக் காட்டினார். மன்னர் அந்த மணலையே தம் மேலாடையில் அள்ளிக்கொண்டு வந்து அரண்மனையில் வைத்துப் பூசித்தார். "மணல்ல எழுதினது நிலைக்காதுன்னு சொல்வாங்க. இங்க அது நிலைச்சுட்டுது" என்றார் காசாளர். என் பையில் அவர் எழுதிய மூன்று வரிகளும், அவரைப் பற்றி நான் எழுதிய மூன்று பக்கங்களும் இருந்தன.

திருக்கோகர்ணம் குன்றைக் குடைந்து அமைத்த பழம்பெரும் கோயில். மூலவர் கோகர்ணேசுவரர் குடைவரைக்குள் எழுந்தருளியிருக்கிறார். தலமரம் மகிழம், அதனால் மகிழவனேசுவரர் என்றும் பெயர். சாபத்தால் இவ்வுலகில் வந்து பிறந்த காமதேனு, தன் காதில் கங்கை நீரைச் சுமந்துவந்து இங்கே இறைவனுக்கு அபிஷேகம் செய்ததாம். கோ என்றால் பசு, கர்ணம் என்றால் காது. அப்பசுவின் பக்தியைச் சோதிக்க இறைவன் புலியாகி வழிமறித்த இடம் அருகிலுள்ள திருவேங்கைவாசல். பூசையை முடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று புலிக்கு வாக்குக் கொடுத்த பசு, சொன்னபடியே திரும்பிப் போய் நின்றது. இந்தக் கதையைக் காசாளர் சொல்லவில்லை. பிரகாரத்தில் ஒரு பெண்மணி தம் பேரனுக்குச் சொல்லிக்கொண்டு போனதைப் பின்னால் நடந்த நான் கேட்டேன். வாக்குக் கொடுத்தபடி என் அறை வாசலில் வந்து நின்றவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

பிரகதாம்பாள் சந்நிதியில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். தொண்டைமான் மன்னர்களுக்கு அவள் குலதெய்வம். தங்களைப் 'பிரகதாம்பாள் தாசன்' என்றே அவர்கள் குறித்துக்கொண்டார்கள். சமஸ்தானம் வெளியிட்ட செப்புக் காசிலும் அவள் உருவத்தையே பொறித்தார்கள். நவராத்திரியில் அரிசியோடு அந்த அம்மன் காசையும் தானமாக வழங்கினார்கள். அப்படித்தான் பெரியநாயகியாகிய தாய், ஏழையின் உள்ளங்கைக்குள் அடங்கும் அரைக்காசு அம்மனானாள். திரை விலகியது. தீபாராதனை ஒளியில் அம்பிகையின் திருமுகம் தெரிந்தபோது, பக்கத்தில் நின்ற காசாளர் உதடு அசையாமல் கைகூப்பி நின்றார். எதை வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று அந்த நிமிடத்தில் தோன்றியது.

குங்குமம் வாங்கிக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்தோம். சிறிது நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "எல்லா இடத்துலயும் தேடிட்டோம் சார். தரையில கூடப் பாய் விரிச்சு உதறிப் பார்த்தோம். உங்க முத்திரை இருக்கற பைங்களை மட்டும்தான் தொடலை. அதுக்கென்ன, அதெல்லாம் நீங்க பார்த்தது."

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. தேடிய இடங்களை வரிசையாகச் சொல்லிவந்தவர், அதையும் சொன்னார், அவ்வளவே. பிறகு பூச்சரத்தில் பாதியை எடுத்து, "வீட்டுக்கு அனுப்ப முடியாது, உங்க ரூம்ல சாமி படத்துக்கு வைங்க" என்று என் கையில் கொடுத்தார்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. மெழுகுவத்தியும், சாப்பாட்டுக்கு எழுந்த அவசரமும், மேசைமேல் எடை போட்டுக் குறியிட்டு அரக்குக்காகக் காத்திருந்த சிறு பையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நான் குறி போட்டது முத்திரை வைத்த பிறகா, அதற்கு முன்பா? என் வழக்கம் பிறகுதான். அன்று அப்படிச் செய்தேன் என்று அம்பிகை முன் நின்று சொல்ல முடியுமா?

சனிக்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் மேலாளரையும் காசாளரையும் அழைத்து, முத்திரையிட்ட பைகளை மேசைமேல் வைக்கச் சொன்னேன். "எல்லாத்தையுமா சார்?" என்றார் மேலாளர். "எல்லாவற்றையும்" என்றேன். என் முத்திரையை நானே உடைக்கத் தொடங்கினேன். பத்து, இருபது, நாற்பது. அரக்குத் துண்டுகள் மேசையெல்லாம் சிதறின. ஒட்டியாணம் ஒன்று வைத்த பெரிய பையின் முடிச்சை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டேன். பொன்னின் குளிர்ச்சிக்குக் கீழே ஒரு துணி முடிச்சு தட்டுப்பட்டது.

அந்தச் சிறு பைதான். சீட்டில் மூதாட்டியின் கடன் எண். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒட்டியாணத்தோடு அதையும் சேர்த்து அள்ளி உள்ளே போட்டு, மேலே அரக்கிட்டு, என் பெயரையும் பொறித்திருந்தவன் நான்.

அறையில் யாரும் பேசவில்லை. காசாளர் ஒருமுறை கண்களை மூடித் திறந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எடை போட்டுடலாம் சார், பாட்டி வந்துடுவாங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் தராசை எடுத்து வைத்தார். என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. எடை சரியாக இருந்தது. ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டுச் சில்லறை கொடுத்து, கால் கிலோ வெல்லம் வாங்கிவரச் சொன்னார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பலமுறை ஒத்திகை பார்த்த வாக்கியம் பாதியில் நின்றுபோயிற்று. "கெடைச்சுடுச்சுல்ல சார், அது போதும்" என்றார். அறிக்கையில் இதை எழுதவேண்டாம், பெட்டகத்துக்குள்ளேயே இருந்த பொருள்தானே என்று மேலாளர் சொன்னார். காசாளரும் அதையே வற்புறுத்தினார். என் எதிர்காலம் கெடும் என்றார். முந்திய நாள் அவருடைய எதிர்காலத்தைப் பற்றி நான் எழுதிவைத்திருந்ததை அவர் அறிவார். மூன்று பக்கங்களையும் கிழித்துப்போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி ஒரே பக்கத்தில் எழுதினேன். தலைமை அலுவலகத்திலிருந்து பின்னர் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். என் பணிக்காலத்தில் எனக்கு வந்த கடிதங்களில் முழுக்க முழுக்க நியாயமானது அது ஒன்றுதான் என்பது என் கருத்து. முத்திரைக் கண்டிப்பையும் அன்றோடு விட்டேன். பிறகு போன ஊர்களில் கிளை ஊழியர் ஒருவரும் என்னோடு அமர்ந்து பைகளைக் கட்டும்படி ஏற்பாடு செய்துகொண்டேன்.

பதினொரு மணிக்கு மூதாட்டி வந்தார். பணத்தை எண்ணிக் கட்டினார். சங்கிலியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தட்டில் இருந்த வெல்லத்தைப் பார்த்து, "என்ன விசேஷம்?" என்றார். "ஒரு சாமான் காணாம இருந்து கெடைச்சது பாட்டி" என்றார் காசாளர். "அப்படியா, எனக்கும் ஒரு துண்டு குடு சாமி" என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டு போனார். அவருக்கு அந்த மூன்று நாட்களின் கதை கடைசிவரை தெரியாது.

ஞாயிறு இரவு வண்டிக்கு முன்னால் காசாளர் வீட்டில் சாப்பாடு. அவருடைய மனைவியார் வாழையிலையில் புளியோதரை கட்டிக் கொடுத்தார். புறப்படும் வேளையில் காசாளர் பூசை அறையிலிருந்து ஒரு சிமிழை எடுத்துவந்து திறந்தார். உள்ளே சுண்டுவிரல் நகத்தளவு ஒரு செப்புக் காசு. ஒரு பக்கம் வீற்றிருக்கும் அம்பிகை. மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று பொறித்திருந்தது. அவருடைய பாட்டனாருக்கு ஒரு நவராத்திரியில் அரண்மனையில் கிடைத்ததாம். என் உள்ளங்கையில் வைத்தார். தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அதற்கு எடை இருப்பதே தெரியவில்லை.

எனக்குக் கொடுக்கத்தான் எடுத்துவந்திருக்கிறார் என்று நினைத்து, எப்படி மறுப்பது என்று நான் தடுமாறுவதைக் கண்டு அவர் சிரித்தார். குடுமியான்மலைக்குப் பிறகு அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"இதைத் தர மாட்டேன் சார். பார்க்கத்தான் கொடுத்தேன். நவராத்திரிக்குக் கொலுவுல வைப்போம். அடுத்த வருஷம் வீட்டம்மாவையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்க."

1984-ஆம் ஆண்டு நவராத்திரிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு மூவரும் போனோம். இரயில் நிலையத்தில் காசாளர் நின்றிருந்தார். வழி தவறவே முடியாத அந்த ஊரில் எங்களை வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருந்தார்.